நூமா மாமாவின் கடிகாரத்துக்கு நான் போட்ட வயது

மோன்வேர், ஜூரா
12 மார்ச் 1989, ஞாயிறு

அன்பு மகள் மார்லிஸுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீயும் கிரேமும் என் பேரன் லூக்கும் சளி காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். ஜனவரியில் நீ போட்ட கடிதமும், கடற்கரையில் லூக் முன்பல் இரண்டும் இல்லாமல் சிரிக்கிற படமும் வந்து சேர்ந்தன, படத்தைச் சமையலறையில் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டிவைத்திருக்கிறோம். உங்களுக்குக் கோடை முடிகிறது, எங்களுக்குப் பனி இன்னும் முடியவில்லை, ஜன்னல் விளிம்பு வரை நிற்கிறது. அப்பா முழங்கால் வலியோடு அவரே வாசல் பனியை அள்ளுகிறார், யாரையாவது கூப்பிடலாம் என்றால், "நீ எழுது, நான் அள்றேன், ரெண்டு பேருக்கும் வலிக்கிறது முதுகுதான்" என்கிறார். மேல்வீதிக் கடிகாரத் தொழிற்சாலையின் கடைசிப் பகுதியையும் மூடிவிட்டார்கள், அதைக் குடியிருப்பாக மாற்றப் போகிறார்களாம். நீ கிரேமின் அம்மாவுடைய இடுப்பு அறுவை பற்றி எழுதியிருந்தாய், அவரைப் படிக்கட்டு ஏறவிடாதே. ஐந்து வாரமாக என்னிடமிருந்து கடிதம் இல்லையே, உடம்பு சரியில்லையா என்று நீ போனில் அப்பாவிடம் கேட்டாயாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு தப்பைச் சொல்ல வேண்டியிருந்தது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நாலைந்து காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். நாற்பத்திரண்டு வருஷம் பத்திரிகையில் வேலை செய்தவள், முக்கியமானதை முதல் வரியில் சொல் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள், என் விஷயத்தில் அதைச் செய்ய முடியவில்லை. இப்போது செய்கிறேன். ஞானஸ்நானத்தில் உன்னை ஏந்திய ஞானத்தகப்பன் நூமா மாமா கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அவர் பள்ளியில் தன் கையால் செய்ததுதான். அது இல்லை என்று நான் பத்திரிகையில் எழுதியது தவறு.

நீ அப்போது பாசல் மருத்துவமனையில் வேலையாக இருந்தாய், பாதிதான் உனக்குத் தெரியும், அதனால் முழுவதையும் வரிசையாகச் சொல்கிறேன். 1978 நவம்பரில் பழைய தபால் மண்டபத்தில் பள்ளிக் கடிகாரங்களின் கண்காட்சி வைத்தார்கள். கடிகாரப் பள்ளியில் நாலு வருஷம் முடிக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு கடிகாரம் செய்து, தேர்ச்சி பெற்ற நாளில் அதையே கட்டிக்கொண்டு வெளியே வருவார்கள், நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவனிடம்கூட முதலில் அதைத்தான் காட்டச் சொல்வார்கள். நாற்பத்தோரு பேர் கொண்டுவந்து கொடுத்தார்கள். எனக்கோ அந்த நாட்களில் தலை கொஞ்சம் பெரிதாகியிருந்தது. சனிக்கிழமைதோறும் நான் நடத்திய 'உங்கள் கடிகாரத்தின் வயது' என்ற பகுதியை நீ மறந்திருக்க மாட்டாய், வாசகர்கள் பின்மூடியைத் திறந்து உள்ளே மெஷினில் வெட்டியிருக்கும் எண்ணை எழுதி அனுப்புவார்கள், தொழிற்சாலைப் பதிவேடுகளிலிருந்து நான் நகலெடுத்து வைத்திருந்த பச்சை நோட்டில் எந்த ஆண்டு எந்த எண்ணில் தொடங்கி எந்த எண்ணில் முடிந்தது என்று பார்த்துப் பதில் போடுவேன். மூடியில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள், மூடியை மாற்றலாம், மெஷினில் இருக்கும் எண்ணைப் பாருங்கள் என்று பத்து முறையாவது எழுதியிருப்பேன். தாத்தா கல்யாணத்துக்கு வாங்கியது என்று ஒரு குடும்பம் சொல்லிக்கொண்டிருக்கும், எண்ணைப் பார்த்தால் தாத்தா இறந்து ஆறு வருஷம் கழித்துச் செய்ததாக இருக்கும். அதைச் சொல்லும்போது எனக்கு ஒரு சுகம் இருந்தது, அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கண்காட்சி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு நாற்பத்தோரு கடிகாரத்தின் பின்மூடியையும் திறக்கச் சொல்லி எண்களைக் குறித்துக்கொண்டேன். பள்ளிக் கடிகாரங்களில் பெரும்பாலும் எண்ணே இருக்காது, இருந்தால் பள்ளி போட்ட ஒன்றிரண்டு இலக்கம் இருக்கும். நூமா மாமாவுடையதில் மட்டும் ஏழு இலக்கம், 5487216. பச்சை நோட்டில் பார்த்தேன், மேல்வீதித் தொழிற்சாலை, 1931. பக்கத்தில் வைத்திருந்த அட்டையில், நூமா ஓப்ரி, 1944 என்று இருந்தது. 1931-இல் மாமாவுக்கு ஐந்து வயது. பள்ளி முடித்து அவர் வேலைக்குச் சேர்ந்த இடம் அதே மேல்வீதித் தொழிற்சாலை. நான் என்ன முடிவுக்கு வந்தேன் என்று உனக்குத் தெரியும். டயலைக் கழற்றிப் பார்த்திருக்கலாம், வாத்தியார் கண் படாத இடம் என்று அந்தப் பிள்ளைகள் டயலுக்கு அடியில்தான் ஊசியால் தங்கள் பெயரெழுத்தைக் கீறிவைப்பார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு ஒரு கைதேர்ந்த ஆள் வேண்டும், அரை நாள் வேண்டும், கண்காட்சி வெள்ளிக்கிழமை, என் பக்கம் வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அப்பா அன்று சாப்பிடும்போது, "நூமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டியா?" என்றார். "நம்பர் இருக்கே, அவர்கிட்ட என்ன கேக்கறது?" என்றேன். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு, "நம்பர் ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வராது, நூமாதான் வருவான்" என்றார். நான் எழுந்து போய்விட்டேன்.

நான் எழுதியதை உனக்கு அப்போதே அனுப்பினேன், இதோடு இன்னொரு நகலும் வைத்திருக்கிறேன். பெயரைப் போடவில்லை. இன்றும் மாணவர்களுக்குத் தேர்வு நடுவராக உட்காரும் ஒருவரின் கடிகாரம் என்று மட்டும் போட்டு, அவர் பள்ளியில் சேர்வதற்கு ஒன்பது வருஷம் முன்பே தொழிற்சாலையில் பிறந்துவிட்ட மெஷின் அது, அங்கிருந்து எப்படி வெளியே வந்தது என்பதை எண் சொல்லாது, ஆனால் எண் பொய்யும் சொல்லாது என்று முடித்திருந்தேன். பெயர் இல்லாததால் யாரையும் புண்படுத்தவில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அந்த வருஷம் நடுவர்கள் மூன்றே பேர், அதில் இரண்டு பேர் ஜெர்மன் பேசும் வெளியூர்க்காரர்கள், காலை எட்டு மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் நூமா மாமா மண்டபத்துக்கு வந்து, கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு, நான் நின்றிருந்த பக்கம் பார்க்காமல் போனார். அட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போனார். மறுநாள் மார்ட்டின் திருநாள் விருந்துக்கு மாமாவுக்கும் லூசெத் அத்தைக்கும் நம் மேசையில் தட்டு வைத்திருந்தேன், வரவில்லை. நான் சொன்னது உண்மை, உண்மை கசக்கத்தான் செய்யும் என்று அப்பாவிடம் சொன்னது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நம் ஊரில் யாரும் யாரையும் திருடன் என்று சொல்ல மாட்டார்கள், அந்த ஆள் பக்கத்தில் வந்தால் வேலைமேசை டிராயரைச் சத்தமில்லாமல் மூடுவார்கள், அவ்வளவுதான். இருபத்தைந்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் நூமா மாமா நடந்து போகும்போது டிராயரை மூடினார்கள். அடுத்த தேர்வுக்கு அவரை நடுவராகக் கூப்பிடவில்லை, காரணமும் எழுதவில்லை. ஸ்டேஷன் காப்பிக்கடையில் தபால்காரர் மார்செல்தான் முதலில் ஆரம்பித்தாராம், "வாங்க முப்பத்தொண்ணு, மணி என்ன?" என்று, பிறகு அதுவே மாமாவுக்குப் பெயராகிவிட்டது. பாதிப் பேருக்கு அது ஏன் முப்பத்தொன்று என்பதுகூட மறந்துவிட்டது. மாமாவும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார். ஒரு மாதம் கழித்து ஜெனீவாவிலிருந்து அவரோடு படித்த ஒருவர் எனக்கு எழுதினார், எங்கள் வகுப்பில் கண்காட்சிக்குக் கொடுத்தவர் நூமா ஒருவர்தான், எங்கள் கடிகாரங்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான் நீள எண் இருக்கும், விசாரித்துப் பாருங்கள் என்று. நண்பனைக் காப்பாற்ற எழுதுகிறார் என்று நினைத்து டிராயரில் போட்டேன். நானும் டிராயரைத்தான் மூடியிருக்கிறேன்.

பிறகு 1980-இல் நீ நியூசிலாந்துக்குப் புறப்பட்ட நாள். இதை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது. பிளாட்பாரத்தின் கடைசியில் நூமா மாமா நின்றுகொண்டிருந்தார், நாங்கள் இருப்பதால் பக்கத்தில் வரத் தயங்கி நின்றார், நீயே அவரிடம் போனாய். அவர் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி உன்னிடம் நீட்டினார், தேவாலயத்தில் உனக்கு உறுதிபூசுதல் நடந்த நாளிலிருந்தே அது உனக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஆயிற்றே. நீ, "வேண்டாம் மாமா, அது யாரோடதுன்னு தெரியாம நான் எப்படிக் கட்டிக்கறது?" என்றாய். மெதுவாக மரியாதையாகத்தான் சொன்னாய், ஆனால் எனக்குக் கேட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டு அதைத் திரும்பக் கட்டிக்கொண்டார். மார்லிஸ், அப்போது எனக்கு உன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது. என் மகள் எண்ணை நம்புகிறாள், ஆளின் முகத்தைப் பார்த்து ஏமாறுகிறவள் இல்லை என்று நினைத்தேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னது நீதான், ஆனால் அதை உன் வாயில் வைத்தவள் நான், அதற்காக நீ உன்னைக் குறை சொல்லிக்கொள்ளாதே.

இனி எப்படித் தெரியவந்தது என்று சொல்கிறேன். பத்திரிகை அலுவலகம் இடம் மாறுகிறது, பழைய தொகுப்புகளைப் படமெடுத்துவிட்டுக் காகிதத்தை எறிந்துவிடப் போகிறார்கள், வேண்டியதைக் கிழித்துக்கொள்ளலாம் வாருங்கள் என்று பிப்ரவரி மூன்றாம் தேதி கூப்பிட்டார்கள். நான் போனதும் வீண்பெருமைக்காகத்தான். போர்க்காலத்தில் ஆண்கள் எல்லாரும் எல்லைக் காவலுக்குப் போயிருந்ததால் பதினெட்டு வயதில் என்னை உள்ளூர்ச் செய்தி எழுத எடுத்துக்கொண்டார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், அந்த முதல் செய்தியை எடுத்து லூக்குக்கு அனுப்பலாம் என்று ஆசை. எதைப் பற்றியது என்பதே மறந்துபோயிருந்தது. 1943 டிசம்பர் 9, மூன்றாம் பக்கம், நாலு வரி, கீழே என் பெயரின் முதல் எழுத்து. அதை அப்படியே எழுதுகிறேன். "கடிகாரப் பள்ளிக்கு மேல்வீதித் தொழிற்சாலை ஆறு டஜன் முடிக்காத மெஷின்களைக் கொடுத்துள்ளது. வேலை குறைந்த ஆண்டுகளில் எண் வெட்டிய பிறகு நிறுத்திவைக்கப்பட்டவை இவை. பித்தளைத் தட்டுப்பாடு இருப்பதால் வரும் ஆண்டு தேர்ச்சி பெறும் மாணவர்கள் தங்கள் பள்ளிக் கடிகாரங்களை இவற்றிலிருந்தே செய்து முடிப்பார்கள்." எ.

அந்த நாலு வரியை இன்னொரு முறை படித்தேன். யோசித்துப் பார், தொழிற்சாலை எண்ணை வெட்டிய ஆண்டைத்தான் என் பச்சை நோட்டு சொல்லும், அந்த மெஷினை ஒருவர் உட்கார்ந்து தேய்த்துப் பொருத்தி ஓடவிட்ட ஆண்டைச் சொல்லாது. இது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. எண் வெட்டிய பிறகு மெஷின்கள் இரண்டு மூன்று வருஷம் பெட்டியில் கிடப்பது உண்டு, ஆண்டு முன்பின் இருக்கலாம் என்று முகம் தெரியாத வாசகர்களுக்கு எத்தனை முறை எழுதியிருக்கிறேன். பெர்ன் நகரத்தில் யாரோ ஒரு பல் டாக்டருக்குக் கொடுத்த அந்தச் சலுகையை, இருபது வருஷம் நம் மேசையில் சாப்பிட்ட மனிதருக்கு நான் கொடுக்கவில்லை. அதைவிடப் பெரிய வெட்கம், அந்தப் பெட்டி பள்ளிக்கு வந்ததை ஊருக்குச் சொன்னவளே நான்தான். வேறு சாட்சி தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஏழாம் தேதி செவ்வாய்க்கிழமை நூமா மாமா வீட்டுக்குப் போனேன். லூசெத் அத்தை இறந்த பிறகு அவர் மேட்டுப் பக்கம் தனியாக இருக்கிறார், இருபது நிமிஷம் பஸ். கதவைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, "யாரு, பேப்பர்காரியா? வழி தவறிட்டியா?" என்றார். "ஒன்னைப் பாக்கத்தான் வந்தேன் நூமா" என்றேன். "பூட்ஸைத் தட்டிட்டு வா, பனியை உள்ள கொண்டாராதே" என்று உள்ளே போனார். மேசையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார் போல, தோல் குவிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அந்த நாலு வரியின் நகலை வைத்தேன். கையைத் துடைத்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், நாலு வரி படிக்க ஆகிற நேரம்கூட ஆகவில்லை, தள்ளிவைத்துவிட்டார். "இது எனக்குத் தெரியுமே. அந்தப் பெட்டியைத் தொறந்து ஒனக்குக் காட்டினதே நான்தானே. ஒங்க அண்ணன் பூட்ஸைப் போட்டுக்கிட்டு லொடலொடன்னு வந்தே. இது என்ன நம்பர்னு கேட்டே. மெஷின் நம்பர், வேணும்னா எழுதிக்கோ பேப்பர்காரின்னு சொன்னேன். ஒனக்கு அந்தப் பேர் வெச்சதே நான்" என்றார். மார்லிஸ், ஊர் முழுக்க என்னைக் கூப்பிடுகிற அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதுகூட எனக்கு நினைவில்லை.

"அப்போ ஏன் அன்னிக்கே வந்து சொல்லல?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் தெரிந்தது, அவரையே குற்றம் சொல்கிற குரலில் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு கிழங்கை எடுத்து முழுவதும் உரித்துத் தண்ணீரில் போட்ட பிறகு, "நீ ஏன் வந்து கேக்கல?" என்றார். பிறகு அவரே பேசினார். "நீயே எழுதினது, ஒனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சேதான் எழுதியிருக்கேன்னு நெனச்சேன். ஒனக்கு நான் என்ன கெடுதல் பண்ணினேன்னு உக்காந்து யோசிச்சேன். லூசெத்கிட்டயும் கேட்டேன். அதுக்கு முந்தின வாரம் நீ பண்ணின பாலாடைக் கேக்ல உப்புக் கம்மின்னு நான் சொன்னேனே, அதுக்காயிருக்கும்னா. சிரிச்சோம். அப்புறம் சிரிக்க முடியல. அவ போற வரைக்கும், ஏங்க அவங்க அப்படி எழுதினாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தா, எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல." நான், "மறந்துட்டேன், நூமா" என்றேன். "மறந்துட்டியா?" என்றார். "சத்தியமா மறந்துட்டேன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். "தெரிஞ்சு செஞ்சிருந்தா ஒரு காரணமாவது இருந்திருக்கும். பத்து வருஷமா அந்தக் காரணத்தைத் தேடிக்கிட்டிருந்தேன். ஒண்ணுமே இல்லையா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எதையோ எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர் மாதிரி சொன்னார்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவர் கையில் அந்தக் கடிகாரம் இருந்தது, சட்டைக் கை மேலேறியதும் தெரிந்தது. டயலுக்கு அடியில் பெயரெழுத்து இருக்குமே என்ற நினைப்பு வந்தது, என் கை அதை நோக்கி நீண்டது, நீட்டியதே எனக்குத் தெரியவில்லை. அவர் இன்னொரு கையால் அதை மூடிக்கொண்டார். "இன்னும் பாக்கணுமா ஒனக்கு?" என்றார். அவ்வளவும் தெரிந்த பிறகும், மன்னிப்புக் கேட்க வந்த இடத்திலும், திறந்து பார்த்துச் சரிபார்க்கத்தான் என் கை போயிருக்கிறது. மன்னித்துவிடு என்று சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, "கெழங்கு வெந்தா சாப்பிட்டுட்டுப் போறியா?" என்று கேட்டார். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பத்திரிகையில் திருத்தம் போட இப்போதைய ஆசிரியரிடம் போனேன், லொசானிலிருந்து வந்த பையன், நல்லவன்தான், "பத்து வருஷத்துக்கு முந்தின விஷயம் மேடம், பேர்கூடப் போடலியே, யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றான். பேசி ஜெயிக்க முடியாது என்று அவனைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டு ஸ்டேஷன் கடைக்கு அழைத்துப் போனேன். வியாழக்கிழமை பகலில் மாமா அங்கே வருவார் என்று எனக்குத் தெரியும். வந்தார், மார்செல் வழக்கம்போல, "வாங்க முப்பத்தொண்ணு, மணி என்ன?" என்றார், மாமா கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மூலைக்குப் போய் உட்கார்ந்தார். அது என்ன பெயர் என்று ஆசிரியர் காப்பி கொண்டுவந்த பெண்ணிடம் கேட்டான். அந்தப் பெண்ணுக்கு அந்த வருஷம் பத்து வயதுகூட இருந்திருக்காது. "அவர் ஃபேக்டரிலேர்ந்து மெஷின் தூக்கிட்டாராம் சார், பேப்பர்லயே வந்துச்சாம்" என்றாள். அவன் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு என்னிடம், "எவ்வளவு இடம் வேணும்?" என்றான். "அன்னிக்கு எடுத்துக்கிட்ட இடம்" என்றேன்.

நேற்று வந்தது. அதே சனிக்கிழமைப் பக்கம், அதே இடம், அதே நீளம். இந்த முறை அவருடைய முழுப்பெயரைப் போட்டேன், என் முழுப்பெயரையும் போட்டேன், 1943-இன் நாலு வரியைப் போட்டேன், ஜெனீவா கடிதம் வந்ததையும் அதை நான் அச்சிடாததையும் போட்டேன். எண் உண்மைதான் சொன்னது, அதை வாசித்தவள்தான் விசாரிக்காமல் எழுதினாள் என்று முடித்தேன். காலையிலிருந்து நாலு பேர் போன் செய்தார்கள், அதில் இரண்டு பேர், "எங்களுக்கு அப்பவே தெரியும், நூமா அப்படிப்பட்ட ஆளே இல்ல" என்றார்கள், அந்த இரண்டு பேரும் டிராயரை மூடியவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி. அப்பா காப்பிக்கடைக்குப் போய்விட்டு வந்து சொன்னதுதான் கொஞ்சம் ஆறுதல். மார்செல் பழக்கதோஷத்தில், "வாங்க முப்பத்..." என்று தொடங்கி நடுவில் விழித்தாராம். மாமா தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டே, "ஏன்யா நிறுத்திட்டே, நாப்பத்துநாலுன்னு கூப்பிடு, பதிமூணு வயசு கொறைச்சிருக்காங்க எனக்கு" என்றாராம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் போய்ப் பாத்திரம் கழுவினேன். பள்ளியிலிருந்து அவரை நடுவராகக் கூப்பிடுவார்களா என்று தெரியாது, அறுபத்துமூன்று வயதாகப் போகிறது, கூப்பிட்டாலும் போவாரா என்று தெரியாது. லூசெத் அத்தையிடம் யாரும் எதையும் போய்ச் சொல்ல முடியாது. நான் திருத்தியது பத்திரிகையில் ஒரு பக்கம், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பச்சை நோட்டை எரிக்கலாமா என்று யோசித்தேன், அப்பா கூடாது என்றார், அதில் இருப்பதெல்லாம் சரிதானே என்றார். அதனால் முதல் பக்கத்தில் அந்த நாலு வரியை ஒட்டிவைத்திருக்கிறேன், இனி யாராவது எண் கேட்டு வந்தால் முதலில் அதைப் படித்துக்காட்டப் போகிறேன்.

நான் வரிசையாகச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். அன்று நூமா மாமா வீட்டில் சாப்பிட்டு முடித்து நான் மேல்கோட்டைப் போடும்போது அவர் கடிகாரத்தைப் பார்த்து, "நாலு பத்து. ஒன் பஸ் நாலேகாலுக்கு" என்றார். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, "மார்லிஸ் ஊர்ல இப்போ என்ன மணி?" என்று கேட்டார். அங்கே விடியற்காலை நாலு பத்து, இப்போது சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம் என்று சொன்னேன். "அப்போ முள்ளைத் திருப்பவே வேண்டாம்" என்றார். கொஞ்சம் கழித்து, "அவ பையனுக்கு என்ன வயசு?" என்றார். ஏழு என்றேன். "மணி பாக்கத் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அது எனக்கு நிச்சயமாகத் தெரியாது, மறுபடியும் நூமா மாமா விஷயத்தில் யாரையும் கேட்காமல் ஒரு பதிலைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அதனால் கேட்கிறேன், லூக்குக்கு மணி பார்க்கத் தெரியுமா? பதிலை எனக்கு எழுத வேண்டாம். நூமா மாமாவுக்கு எழுது, அவன் கையாலேயே எழுதச் சொல், பிழையிருந்தாலும் திருத்தாதே. அம்மா சொன்னாள் என்று எழுதாதே. அவருடைய விலாசம் பழைய விலாசமே, லூசெத் அத்தை இல்லை என்பதுதான் வித்தியாசம். ஏப்ரல் 23 அவருக்குப் பிறந்தநாள், நியூசிலாந்துத் தபால் இங்கே வரப் பத்து நாள் ஆகிறது, கணக்குப் போட்டுக்கொள்.

மூன்று துண்டுச் செய்திகளை இதோடு வைத்திருக்கிறேன், தேதி வரிசையில் படி, நடுவில் இருப்பதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதே. கிரேமுக்கு எங்கள் அன்பு. லூக்குக்குப் புதுப் பல் நேராக முளைக்கட்டும். கடவுள் உங்கள் மூன்று பேரையும் பத்திரமாக வைத்திருக்கட்டும், எந்த வேலையாக இருந்தாலும் நேரத்துக்குச் சாப்பிடு.

தப்பை ஒத்துக்கொள்ள இவ்வளவு நாள் எடுத்துக்கொண்ட
உன் அம்மா
எத்மே